சீஸில் அன்னாசி வாசனை: எசென்ஸா, பாக்டீரியாவா?

4 ஜூன் 2022, ஒரு வாசகரின் கேள்வி

"நன்றாக முதிர்ந்த சீஸ் ஒன்றை வெட்டினேன். சந்தேகமே இல்லாமல் அன்னாசி வாசனை. பொட்டலத்தில் பால், உப்பு, ரென்னெட் (பாலைத் திரிக்கும் நொதி), உறை என்று நாலே பொருள்தான் அச்சடித்திருக்கிறது. பாலுக்கும் அன்னாசிக்கும் என்ன சம்பந்தம்? எசென்ஸ் ஊற்றிவிட்டு மறைக்கிறார்கள் என்கிறேன். பாக்டீரியா புளிப்பைத் தரும், நாற்றத்தைத் தரும். பழவாசனை தராது. மறுப்பவர்கள் வரலாம்."

4 ஜூன் 2022, இரவு

தரும். வந்துவிட்டேன்.

பதினோரு வருடம் ஒரு பால் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் மூக்கை வைத்துப் பிழைத்தவன் நான். நீங்கள் முகர்ந்தது பெரும்பாலும் எத்தில் பியூட்டிரேட். கூடவே எத்தில் ஹெக்சனோயேட்டும் இருந்திருக்கும். இரண்டும் எஸ்டர்கள். பள்ளி வேதியியலில் படித்ததுதான்: ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டரும் நீரும். பால் கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் கட்டுண்டு கிடக்கிறது. பாக்டீரியா அதை வெட்டி விடுவிக்கிறது. எத்தனால் என்ற ஆல்கஹாலையும் பாக்டீரியாவே கொஞ்சம் உண்டாக்குகிறது. எஸ்டரேஸ் என்ற நொதி இரண்டையும் ஒட்ட வைக்கிறது. அன்னாசி தயார்.

எசென்ஸ் பாட்டிலில் இருப்பதும் இதே எத்தில் பியூட்டிரேட்தான் என்பதால் உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு.

அளவு பற்றி: நீச்சல் குளத்தில் ஒரு சொட்டு விட்டால்கூட மூக்குக்குத் தெரியும். அத்தனை வீரியம்.

5 ஜூன் 2022

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. பியூட்டிரிக் அமிலத்தைத் தனியாக முகர்ந்திருக்கிறீர்களா? கெட்டுப்போன வெண்ணெய், அதற்கு ஒரு படி மேலே போனால் வாந்தி. அந்த அமிலத்தோடு இரண்டு கார்பன் கொண்ட எத்தனாலை ஒட்டினால் பழக்கூடை. வேதியியலில் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்காத இடம் இது.

ஆய்வகத்தில் ஒருமுறை பியூட்டிரிக் அமில பாட்டிலைச் சாய்த்துவிட்டேன். விரல் பருமன் அளவுகூடக் கொட்டியிருக்காது. மேசையைக் காரக் கரைசலால் மூன்று முறை துடைத்தேன். காலணியில் இரண்டு சொட்டு தெறித்தது தெரியாமல் அப்படியே வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தப்பட்டேன். காலணி அன்றே குப்பைக்குப் போயிற்று.

அப்புறம், 'எஸ்டர்' என்ற சொல்லும் ஒரு சுருக்கம்தான். 1848-இல் லியோபோல்ட் கிமெலின் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் வைத்த பெயர். அக்காலத்தில் ஜெர்மனில் எத்தில் அசிட்டேட்டை 'எஸ்ஸிக்ஏத்தர்', அதாவது வினிகர் ஈதர் என்பார்கள். அதை நசுக்கினார், எஸ்டர் வந்தது. வினிகரும் ஆல்கஹாலும் ஒட்டியது போலவே பெயரும் ஒட்டிக்கொண்டது.

7 ஜூன் 2022

நீச்சல் குளத்துக் கணக்கை ஒருவர் மடக்கியிருக்கிறார். சரிதான், நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

தூய நீரில் எத்தில் பியூட்டிரேட் மூக்குக்கு எட்டும் குறைந்தபட்ச அளவு ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு சொட்டு என்பது 0.05 மில்லி. அப்படியானால் ஒரு சொட்டுக்கு 50,000 லிட்டர் நீர். பெரிய டேங்கர் லாரி 20,000 லிட்டர் என்றால் இரண்டரை லாரி. ஒலிம்பிக் நீச்சல் குளம் 25 லட்சம் லிட்டர். அதற்கு ஐம்பது சொட்டு வேண்டும். நான் ஐம்பது மடங்கு மிகையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கு நீருக்கு மட்டும். சீஸில் கொழுப்பு நிறைய. எஸ்டர் கொழுப்பில் கரைந்து அங்கேயே உட்கார்ந்துவிடும், காற்றுக்கு எளிதில் வராது. எனவே சீஸில் மூக்கை எட்ட இதைவிடப் பல மடங்கு தேவை. வாயில் போட்டு மென்று, சூடேறி, கொழுப்பு உருகும்போதுதான் முழுதாகக் கிளம்பும். வெட்டும்போது லேசாக, மெல்லும்போது பலமாக அன்னாசி வந்தது என்று கேள்வி கேட்டவர் பிறகு எழுதியிருந்தாரே, காரணம் இதுதான்.

11 ஜூன் 2022

எசென்ஸ் சந்தேகம் புதிதல்ல. எங்கள் தொழிற்சாலையிலேயே அதைக் கிளப்பினார்கள்.

சாதாரண வெள்ளைப் பால், எதுவும் கலக்காதது. வாங்கியவர்கள் 'ஸ்ட்ராபெரி வாடை அடிக்கிறது' என்று திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதே கட்டடத்தில் வாசனைப் பால் நிரப்பும் குழாய்வரிசையும் இருந்தது. உடனே தீர்ப்பாகிவிட்டது: குழாயைச் சரியாகக் கழுவவில்லை, எசென்ஸ் தங்கிவிட்டது. கழுவும் ஆட்களுக்கு நல்ல திட்டு. நானும் திட்டியவர்களில் ஒருவன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று இடித்தது. நிரப்பிய அன்று வாசனை இல்லை. நாலைந்து நாள் குளிரில் இருந்த பிறகுதான் வந்தது. எசென்ஸ் என்றால் முதல் நாளே அடிக்க வேண்டும், நாளாக நாளாகக் குறைய வேண்டும். இது வளர்கிறது. வளர்வது உயிருள்ளதாகத்தான் இருக்க வேண்டும்.

அடைத்த பாலை 7 டிகிரியில் 5 நாள் வைத்துவிட்டு மறுபடி பாக்டீரியாவை எண்ணும் சோதனை ஒன்று உண்டு. செய்தோம். முதல் நாள், பாக்டீரியா வளர்க்கும் தட்டில் ஒன்றிரண்டு புள்ளி, ஐந்தாம் நாள் எண்ணவே முடியவில்லை. தட்டைத் திறந்தால் ஸ்ட்ராபெரி.

ஆள்: சூடோமோனாஸ் ஃபிராகி. 1902-இலேயே விவரிக்கப்பட்டுவிட்ட பழைய குற்றவாளி. ஸ்ட்ராபெரிச் செடியின் தாவரவியல் பெயர் ஃபிராகேரியா. அந்த வாசனைக்காகவே இதற்கு ஃபிராகி என்று பெயர். குளிர்பெட்டியின் குளிரில் மற்றவை முடங்கும்போது இது நிதானமாகப் பெருகும், பால் கொழுப்பை உடைக்கும், குட்டைக் கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றும். இன்னும் சில நாள் விட்டால் பழம் மறைந்து அழுகல் வரும்.

எங்கே ஒளிந்திருந்தது? நிரப்பும் இயந்திரத்தின் ஒரு வால்வில், விரிசல் விட்ட ரப்பர் வளையத்துக்கு அடியில். அந்த வளையத்தை மாற்றிய வாரத்தோடு புகார் நின்றது. கழுவும் ஆட்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

12 ஜூன் 2022

"அந்தப் பாலைக் குடித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டவருக்கு: எஸ்டரால் ஒன்றும் ஆகாது, மிட்டாயிலும் குளிர்பானத்திலும் போடுகிற பொருள்தான். ஆனால் வெள்ளைப் பால் பழவாசனை வீசுகிறதென்றால் அதில் பாக்டீரியா ஏகமாகப் பெருகிவிட்டது என்று பொருள். கொட்டிவிடுங்கள்.

18 ஜூன் 2022

"பாஸ்டரைஸ் செய்த பாலில் அது எப்படிப் பிழைத்தது? சூட்டைத் தாங்குமா?" என்று இரண்டு பேர். முதலில் நானும் 'சில வகைகள் தாங்கும்' என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அழித்துவிட்டேன், தவறு.

72 டிகிரியில் 15 நொடி சூடாக்கினால் சூடோமோனாஸ் செத்துவிடும். சூடாக்கிய பிறகு, நிரப்பும் இடத்தில் புதிதாகப் போய்ச் சேர்வதுதான் சிக்கல். எங்கள் வால்வு கதை அதுதான்.

நான் குழம்பியதற்குக் காரணம் உண்டு. செல் சாகும், ஆனால் அது முன்பே பாலில் கக்கிவைத்த லைப்பேஸ் (கொழுப்பை வெட்டுவது), புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டுவது) போன்ற நொதிகளில் பல சாகாது. சில, மிக உயர்ந்த சூட்டில் செய்யும் யூஎச்டி முறையைக்கூட ஓரளவு தாங்கி, மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும் பாலையும் மெல்லக் கெடுக்கும். ஆளைக் கொன்றாலும் அவன் வைத்த கத்தி வேலை செய்துகொண்டே இருக்கிறது. பச்சைப் பாலைப் பல நாள் குளிரில் சேமித்துவிட்டுப் பிறகு சூடாக்குவது ஏன் ஆபத்து என்பதும் இதில் அடக்கம்.

2 ஜூலை 2022

முதல் குறிப்பில் நான் எழுதிய 'அமிலம் + ஆல்கஹால் = எஸ்டர்' என்பதைத் திருத்த வேண்டும். நொதியை அறிந்த ஒருவர் தனியாக எழுதி இடித்துக் காட்டினார். இரண்டு வாரம் படித்தேன். அவர் சொன்னதுதான் சரி. இத்தனை வருடம் நான் பள்ளிச் சமன்பாட்டையே சீஸுக்குள் திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பள்ளியில் எஸ்டர் செய்தபோது சோதனைக்குழாயில் என்ன போட்டோம்? அடர் கந்தக அமிலம், அப்புறம் சூடு. 1895-இல் ஃபிஷர், ஸ்பையர் என்ற வேதியியலாளர்கள் காட்டிய வழி அது. கந்தக அமிலம் வினையைத் தூண்டும், உண்டாகும் நீரையும் உறிஞ்சும். நீர் விலகவில்லையென்றால் வினை பாதியில் நின்றுவிடும். சீஸில் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நீர். பாலிலோ கிட்டத்தட்ட எல்லாமே நீர். அந்தச் சூழலில் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து நீரை வெளித்தள்ளும் என்பது கடலில் நின்றுகொண்டு துணி காயவைப்பது போல.

உண்மையில் நடப்பது வேறு. பால் கொழுப்பு என்பது கிளிசரால் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்குவது. அதுவே ஓர் எஸ்டர்தான். பியூட்டிரிக் அமிலம் பெரும்பாலும் மூன்றாம் இடத்தில், ஓரத்தில் தொங்கும். லாக்டிக் அமில பாக்டீரியாவின் எஸ்டரேஸ் அந்த ஓரத்துத் தொங்கலைப் பிடித்து நேராக எத்தனாலின் கையில் கொடுத்துவிடுகிறது. இடையில் அமிலமாக விடுபடுவதே இல்லை. அது விடுபடாததால் நீரை வெளித்தள்ள வேண்டிய பிரச்சினையும் இல்லை. ஓர் எஸ்டர் கலைகிறது, இன்னோர் எஸ்டர் பிறக்கிறது, அவ்வளவுதான். இதை ஆல்கஹாலாற்பகுப்பு என்கிறார்கள்.

2000-களின் தொடக்கத்தில் நியூசிலாந்து ஆய்வாளர்கள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸின் நொதியை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார்கள். எத்தனாலோடு கிளிசரைடு (கிளிசராலில் கொழுப்பு அமிலம் தொங்குவது) கொடுத்தால் நீர்க்கரைசலிலேயே எஸ்டர் வருகிறது. எத்தனாலோடு தனி பியூட்டிரிக் அமிலத்தைக் கொடுத்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வருவதில்லை. தயிரிலும் பல வகைச் சீஸிலும் உறையாகப் போகிற அதே பாக்டீரியாதான்.

நொதிக்குள் பார்த்தால் இன்னும் அழகு. நடுவில் ஒரு குழி, குழியில் செரின் என்ற அமினோ அமிலம். செரின் கொழுப்பு அமிலத்தைக் கொத்திப் பிடித்துக்கொள்கிறது, கிளிசரால் கழன்று போகிறது. இப்போது நொதி கையில் சரக்கை வைத்துக்கொண்டு வாங்குபவருக்காகக் காத்திருக்கிறது. நீர் வந்து வாங்கினால் பியூட்டிரிக் அமிலம்: ஊசல் வாடை. எத்தனால் வந்து வாங்கினால் எத்தில் பியூட்டிரேட்: அன்னாசி. நொதி ஒன்றுதான், வெட்டும் இடமும் ஒன்றுதான். நாற்றமா மணமா என்பது யார் கதவைத் தட்டுகிறார் என்பதில் இருக்கிறது.

3 ஜூலை 2022

"ஒரு லிட்டர் நீரில் 55 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) நீர். எத்தனால் மில்லிமோல் கணக்கில். ஆயிரக்கணக்கான நீர் மூலக்கூறு வரிசையில் நிற்க, எத்தனாலுக்கு எப்படி முறை வரும்?"

நல்ல கேள்வி. இந்தக் குழி ஆல்கஹாலுக்குச் சாதகமாக அமைந்தது. எத்தனால் உள்ளே வந்தால் நீரைவிட வேகமாகச் சரக்கை எடுத்துக்கொள்ளும். கூட்டம் நீர்ப்பக்கம், சிபாரிசு எத்தனால் பக்கம்.

ஆனால் நேற்று எழுதியதைப் படித்தால் எஸ்டர் ஒருமுறை பிறந்தால் நிலைத்துவிடும் என்று தோன்றும். அப்படியில்லை. நொதி சமநிலையை மாற்றாது, வேகத்தை மட்டும் கூட்டும். எத்தில் பியூட்டிரேட்டையும் அதே நொதி திரும்பப் பிடித்து நீரிடம் கொடுக்கலாம். எனவே எஸ்டர் ஏறி, பிறகு இறங்கவும் கூடும். எத்தனை மாதத்துச் சீஸ் என்று கேட்காமல் 'எஸ்டர் எவ்வளவு' என்று பேசுவதில் அர்த்தமில்லை.

3 ஜூலை 2022, மாலை

இன்னொன்று. இந்த நொதி பாக்டீரியாவின் உடலுக்குள் இருக்கிறது, கொழுப்போ வெளியே இருக்கிறது. பாக்டீரியா உயிரோடு இருக்கும்வரை இரண்டும் சந்திப்பது கடினம். உப்பு, பட்டினி, சில நேரம் அதைத் தாக்கும் வைரஸ் எல்லாம் சேர்ந்து செல் வெடித்த பிறகுதான் நொதி வெளியே கொட்டுகிறது. வீடு இடிந்தால்தான் உள்ளே இருந்த சாமான் தெருவுக்கு வரும். சீஸுக்கு ஏன் இத்தனை மாதம் என்று கேட்பவர்களுக்கு இது பதிலில் ஒரு பகுதி.

முழு மூன்று தொங்கல் கொண்ட கொழுப்பைவிட, ஒன்றோ இரண்டோ மிஞ்சிய கிளிசரைடுகளைத்தான் இந்த நொதிகள் விரும்பும். முதல் வெட்டை வேறு யாராவது வெட்டித்தர வேண்டும். பச்சைப் பாலில் பாலின் சொந்த லைப்பேஸ் அதைச் செய்யும். பாஸ்டரைஸ் செய்தால் அது பெரும்பாலும் செயலிழந்துவிடும்.

17 ஜூலை 2022

எத்தனால் எங்கிருந்து? இதை முதலிலேயே பேசியிருக்க வேண்டும். இந்தக் கதையில் சாவி அதுதான். கொழுப்பு ஏராளம், நொதியும் போதுமான அளவு. எத்தனால்தான் பஞ்சம்.

சீஸ் உறையில் வழக்கமாக இருக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா சர்க்கரையைக் கிட்டத்தட்ட முழுதும் லாக்டிக் அமிலமாக்கும், எத்தனால் சொற்பம். லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா வேறு மாதிரி: ஒரு குளுக்கோஸிலிருந்து ஒரு லாக்டிக் அமிலம், ஒரு கார்பன் டை ஆக்சைடு, பெரும்பாலும் ஓர் எத்தனால். அதை உறையில் சேர்த்தாலே நிலைமை மாறும். ஈஸ்ட் புகுந்தால் சொல்லவே வேண்டாம்.

செடார் சீஸில் 'பழவாடை' என்று ஒரு குறை பல காலமாகப் பேசப்பட்டது. 1960-களில் அமெரிக்காவின் ஆரிகனில் அதை ஆராய்ந்தார்கள். குறையுள்ள சீஸ்களில் எத்தனாலும் எத்தில் பியூட்டிரேட்டும் எத்தில் ஹெக்சனோயேட்டும் தூக்கலாக இருந்தன. உறையாகப் போட்ட லாக்டிக் பாக்டீரியாவில் சில விகாரங்கள் (ஒரே இனத்தின் உள்வகைகள்) எத்தனாலை அதிகமாகத் தருவதே காரணம் என்று வந்தது. பிற்காலத்தில் சின்னச் சின்ன சுவிஸ் வகைச் சீஸ்கள் செய்து அதில் எத்தனாலை மட்டும் கூட்டிப் பார்த்தவர்களும் உண்டு. எத்தில் எஸ்டர்கள் ஏறின.

'விகாரம்' என்று எழுதியதும் ஒருவர் சிரிப்பார் என்று தெரியும். ஸ்ட்ரெய்ன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

30 ஜூலை 2022

படித்தது போதும் என்று செய்தே பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது, வீட்டில் பொறுமையும் இன்னும் மிச்சம் இருக்கிறது.

எட்டு லிட்டர் பால், ஒரே பாத்திரம், ஒரே உறை. திரிந்த கட்டியை வடித்து, உப்புப் போட்டு, சரிபாதியாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் 400 கிராம் சுமார். ஒன்றில் உண்ணத்தக்க தூய எத்தனால் ஒரு மில்லி பிசைந்தேன். மற்றதில் ஒரு மில்லி நீர். அழுத்தி, மெழுகாமல், 12 டிகிரியில் ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்தாயிற்று. பத்து வாரம்.

"நேரடியாகப் பியூட்டிரிக் அமிலமும் சேர்த்துவிடுங்களேன், சீக்கிரம் வரும்" என்று ஓர் அன்பர். ஜூலை 2 குறிப்பைப் படிக்கவும். தனி அமிலம் கொடுத்தால் எஸ்டர் வராது, சீஸ் மட்டும் நாறும். என் காலணியின் கதையையும் படிக்கவும்.

21 ஆகஸ்ட் 2022

கிளைக் கேள்வி: வெண்ணெயை உருக்கும்போது வருகிற பீச் பழம், தேங்காய் போன்ற இனிப்பு மணமும் எஸ்டரா?

ஆம், ஆனால் வளைந்த எஸ்டர். லாக்டோன் என்பார்கள். ஒரே மூலக்கூறின் ஒரு முனையில் அமிலம், சற்றுத் தள்ளி ஓர் ஆல்கஹால். அது தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு வளையமாகிவிடுகிறது. டெல்டா டெக்கலாக்டோன் அதில் ஒன்று. பால் கொழுப்பிலேயே அதற்கான ஹைட்ராக்சி அமிலம் தொங்கிக்கொண்டிருக்கும். சூடு பட்டாலே போதும், விடுபட்டு வளைந்துவிடும். பாக்டீரியா நொதியைக் கூப்பிட வேண்டியதில்லை. ஆக இந்த இழைக்கு அது விருந்தாளி மட்டும்.

இன்னொரு விருந்தாளி: தயோஎஸ்டர். ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம். மேற்பரப்பைக் கழுவி முதிர்விக்கும் நெடியான சீஸ்களில் பிரெவிபாக்டீரியம் போன்ற பாக்டீரியாக்களோடு சேர்ந்து வரும். பழக்கூடை எதிர்பார்த்து முகர்ந்தால் வெந்த காலிஃபிளவர் கிடைக்கும்.

22 ஆகஸ்ட் 2022

பெயர்க்குழப்பம் பற்றி ஒருவர் புலம்பியிருந்தார். நானும் புலம்புகிறேன். 2020-இல் லாக்டோபேசில்லஸ் என்ற ஒரே பாக்டீரியாப் பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். லாக்டோபேசில்லஸ் கேசி இப்போது லாக்டிகேசிபேசில்லஸ் கேசி. பாக்டீரியாவுக்கு இது தெரியாது, பழைய வேலையையே செய்கிறது. என் பழைய நோட்டில் எல்லாப் பெயரும் காலாவதி.

9 அக்டோபர் 2022

பத்து வாரம் முடிந்து பெட்டியைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் அன்னாசி. குதித்தேன்.

குதித்தது இரண்டு நிமிடம். எத்தனால் சேர்த்த கட்டியை வெட்டினேன், பழவாசனை. நீர் சேர்த்த கட்டியை வெட்டினேன், அதிலும் பழவாசனை. மனைவியிடம் கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் நீட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதான், இதுக்கா ரெண்டரை மாசம்?" என்றாள்.

இரவு படுத்தபின் உறைத்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்த புத்திசாலி யார்? எத்தனால் ஆவியாகும், எஸ்டரும் ஆவியாகும். மெழுகு இல்லாத இரண்டு கட்டிகள் பத்து வாரம் ஒரே காற்றைப் பங்கு போட்டிருக்கின்றன. ஒன்றின் எத்தனால் மற்றதற்குப் போயிருக்கலாம், செய்த எஸ்டரே நேராகப் போய் அதன் கொழுப்பில் கரைந்திருக்கலாம். எது என்று இந்தப் பரிசோதனையிலிருந்து சொல்ல வழியில்லை. ஆய்வகத்தில் ஒரு பயிற்சி மாணவர் இப்படிச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும்.

15 அக்டோபர் 2022

மறுபடி. அதே அளவு. இந்தமுறை மெழுகு பூசி, இரண்டு தனிப் பெட்டி, இரண்டு தனி அறை. வீட்டில் உள்ள பொறுமை பற்றி முன்பு எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

13 நவம்பர் 2022

காத்திருக்கும் நேரத்தில் ஒரு யோசனை. செடாரில் இதைக் 'குறை' என்கிறோம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியச் சீஸை எடுங்கள். பச்சைப் பால், குறைந்தது 12 மாத முதிர்வு. அதன் மணத்தில் எத்தில் பியூட்டிரேட்டும் எத்தில் ஹெக்சனோயேட்டும் முக்கியமானவை. அங்கே அன்னாசிச் சாயலைப் பாராட்டுகிறார்கள். மூலக்கூறு ஒன்று, தீர்ப்பு இரண்டு.

நானும் பல வருடம் படிவத்தில் 'பழவாடை: நிராகரி' என்று குறியிட்டிருக்கிறேன். எங்கள் படிவத்தில் அதற்கு ஒரே கட்டம்தான் இருந்தது. அளவு எவ்வளவு, கூடவே கொழுப்பு அமிலத்தின் நெடி இருக்கிறதா, அல்லது பழம் மட்டும் தனியாக மிதக்கிறதா என்று கேட்கக் கட்டம் இல்லை. என் மூக்குக்கு இப்போது தோன்றுவது: எஸ்டர், ஊசலின் கூர்மையை மழுக்குகிறது. அமிலமும் எஸ்டரும் இரண்டும் இருந்தால் 'முதிர்ந்த சீஸ்' என்று படுகிறது. எஸ்டர் மட்டும் தனியாக நின்றால் மிட்டாய்க் கடை. நிராகரித்ததில் சிலதை இன்று முகர்ந்தால் ஏற்றுக்கொள்வேனோ என்று சந்தேகம். பாலில் வந்ததை அல்ல, அது அன்றும் இன்றும் கொட்ட வேண்டியதுதான்.

14 நவம்பர் 2022

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: "சரி, பாக்டீரியாவால் முடியும் என்றே வைத்துக்கொள்வோம். என் சீஸில் ஊற்றவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

என்னிடம் உத்தரவாதம் இல்லை, உங்கள் சீஸும் இல்லை. வாயு குரோமடோகிராஃபியில் (மணப்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து வரைபடத்தில் சிகரங்களாகக் காட்டும் முறை) போட்டால் குறிப்புக் கிடைக்கும். பாக்டீரியா செய்தால் எத்தில் பியூட்டிரேட் தனியாக வராது. ஹெக்சனோயேட், ஆக்டனோயேட் என்று கூட்டாளிகளோடும், கொஞ்சம் எத்தனாலோடும், விடுபட்ட அமிலங்களோடும் வரும். எசென்ஸ் ஊற்றினால் ஒரு கூரான சிகரம் தனியே நிற்கும், பல நேரம் எசென்ஸைக் கரைத்த புரொப்பிலீன் கிளைக்கால் பக்கத்தில் காட்டிக்கொடுக்கும். செலவில்லாத சோதனை வேண்டுமென்றால் நடுவிலும் ஓரத்திலும் வெட்டி, வாயில் போட்டு, ஒரு நிமிடம் மெல்லுங்கள். மேலே தெளித்ததாக இருந்தால் ஓரத்தோடு நின்றுவிடும்.

26 டிசம்பர் 2022

இரண்டாம் சுற்று. தனிப் பெட்டி, தனி அறை, மெழுகு.

எத்தனால் கட்டி: பழம், தெளிவாக. நீர்க் கட்டி: வெண்ணெய், லேசான புளிப்பு, பழம் என்று சொல்ல எதுவும் இல்லை. மூன்று துண்டு, இரண்டு ஒரே மாதிரி, ஒன்று வேறு, வேறானதைக் கண்டுபிடி என்று வீட்டாரை உட்காரவைத்தேன். ஆறு முறையில் மனைவி ஆறும் சரி. நான் ஐந்து. பதினோரு வருட மூக்கு.

ஒரே ஒரு கட்டியை வைத்துக்கொண்டு உலகத்துக்கு அறிவிக்க மாட்டேன். அதோடு நான் கொடுத்த எத்தனால் பாக்டீரியா செய்தது இல்லை, நான் ஊற்றியது. எசென்ஸ் ஊற்றுகிறார்கள் என்று தொடங்கிய இழையில் நானே ஒன்றை ஊற்றியிருக்கிறேன் என்று யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தது லியூகோனாஸ்டாக் சேர்த்த உறை, வெளியிலிருந்து எத்தனால் இல்லாமல்.

8 ஜனவரி 2023

லியூகோனாஸ்டாக் கட்டி இன்று அழுத்தத்தில். கார்பன் டை ஆக்சைடு இப்போதே வேலையைக் காட்டுகிறது, கட்டி லேசாக உப்பியிருக்கிறது. பெட்டியின் மேல் பென்சிலில் எழுதிய எண் ஈரத்தில் அழிந்துவிட்டது. எது எது என்று மார்ச்சில் மனைவிதான் சொல்ல வேண்டும்.